சிரட்டை

கவுண்டரில் விலைப்பட்டியல் இரண்டு நிரல்:
உள்நாட்டவர், வெளிநாட்டவர்.
நான் பேனையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.
கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு
அந்தப் பிள்ளையே வெளிநாட்டவருக்குச் சரி போட்டாள்.
ஒன்றரை மடங்கு.
பரவாயில்லை.
பேர்கனில் பதினாலு மாதம் வரிசையில் நின்ற முழங்கால் இது.
மீன் தொழிற்சாலையின் ஈரச் சீமெந்தில்
இருபத்திரண்டு வருசம் நின்றது அதற்கு முன்.

டொக்டர் ஒரு பிளாஸ்டிக் எலும்போடு வந்தார்.
பழைய முறையென்றால் ஒரு சாண் கீறல்,
இது நாலு விரல்.
தசையை வெட்டுவதில்லை,
விலத்திக்கொண்டு உள்ளே போவது.
அவருடைய ஆங்கிலம் எனக்கு
நோர்வேஜியன் வழியாகச் சுற்றி வந்து சேர்வதற்குள்
கட்டில் விரிப்பு மாற்ற வந்த பூங்காவனம்,
ஹட்டன் பக்கத்து ஆள், சொல்லிவிட்டாள்:
"சிரட்டைய கழட்டமாட்டாங்கம்மா.
ஒதுக்கி வச்சுட்டு வேலயப் பாப்பாங்க."

சிரட்டை என்று கேட்டு எவ்வளவு காலம்.
மகள் போனில் கேட்கிறாள், அங்கே சுத்தமா, அம்மா?
சுத்தம்தான்.
நீ பயப்படுகிற சுத்தமில்லாத கொழும்பை
நான் வேறு வருசத்தில் பார்த்துவிட்டேன்.

தொண்ணூற்றாறு. இதே காலி வீதி.
வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ், ஏழு பெண்கள், ஒரு மின்விசிறி.
ஏஜென்சிக்காரனுடைய 'நாளைக்கு' எழுபது நாள் நீண்டது.
பொலிஸ் பதிவுத்துண்டை
ஒவ்வொருத்தியும் சட்டைக்குள் வைத்துத் தூங்கினோம்.
பஸ்ஸை மறிப்பார்கள். இறக்குவார்கள்.
எகய், தெகய், துனய் என்று எண்ணுவார்கள்.
உடம்பில் என்ன வைத்திருக்கிறாய்?
ஒன்றுமில்லை, ஐயா.
கையை உயர்த்து.
ஒன்றுமில்லை.

ஊசி முதுகில்.
இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் தச்சுவேலை:
வாள், பிறகு சுத்தியல்.
யாரோ நேற்றைய கிரிக்கெட்டைப் பற்றிக் கதைத்தார்கள்.
தோற்றுவிட்டோம் போல.
'தோற்றுவிட்டோம்' என்று
நானும் சேர்த்துத்தான் நினைத்தேன்,
மயக்கத்தில் இருக்கலாம்.

அடுத்த கட்டிலில் மாலைதீவுக்காரி, ஸனீஃபா.
அவவுக்கு இடது, எனக்கு வலது.
இரண்டு பேரையும் சேர்த்தால்
ஒருத்தி நடந்துவிடலாம் என்றேன்.
எந்த மொழியில் சொன்னேனோ,
சிரித்துவிட்டு, தையல் இழுக்க, முனகினா.

இரண்டாம் நாளே எழுப்பிவிட்டார்கள்.
இரேஷாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்,
என் குதிக்காலை உள்ளங்கையில் வைத்து மடக்குகிறாள்.
எகய். தெகய்.
முழங்காலுக்கு முதல் முதுகு விறைத்தது.
வலிக்குதா? என்று முகத்தைப் பார்த்தாள்.
தலையாட்டினேன். காரணத்தைச் சொல்ல
அவளுடைய மொழியில் எனக்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும்.
துனய், என்றாள்.
ஹதரய், என்றேன் நான்.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
பஹய், என்றோம்.
தவ டிகக், இன்னும் கொஞ்சம், என்றாள்.
அது புதுச் சொல். மனசில் எழுதிவைத்தேன்.

ஆறாம் நாள் ஜன்னல்வரை போனேன், வோக்கரோடு.
கடல் தன் பாட்டில் கிடந்தது.
மருதானைப் பக்கம் போகிற ரயிலில்
ஒருவன் வாசலில் தொங்கிக்கொண்டு வடை தின்றான்,
இரண்டு முழங்காலும் நல்லாயிருக்கிற திமிரில்.

கட்டுநாயக்க.
சட்டத்துக்குள்ளே கால் வைத்ததும் அது கத்தியது.
இப்போது உண்மையாகவே
உடம்பில் வைத்திருக்கிறேன்.
கடிதத்தை நீட்டமுதல்
கை இரண்டும் தானாக உயர்ந்துவிட்டன.

சீருடைக்காரி கடிதத்தை வாசித்தாள்.
ஓரமாகத் திரைக்குள் கூட்டிப்போனாள்.
சேலையைக் கொஞ்சம் உயர்த்தினேன்.
நாலு விரல் நீளத் தழும்பை
அவள் குனிந்து பார்த்தபடி நின்றாள்,
கடமைக்கு வேண்டியதைவிடக் கூட நேரம்.
அம்மாவுக்கும் முழங்கால், என்றாள் அரைத்தமிழில்.
படி ஏற மாட்டா. கோயிலுக்கும் போறதில்லை.
எவ்வளவு முடிஞ்சது?

உள்நாட்டு விலையைச் சொன்னேன்.